இண்டி ராக்: ஒரு ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வாசிக்கிறவன் இல்லை, கேட்கிறவன். வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் தூங்கப் போகும் முன்பும் ஏதாவது ஓர் ஆல்பம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நண்பர்கள் என்னிடம் இந்த இசையைப் பற்றி நிறையக் கேட்பார்கள். பேச்சில் சுருக்கமாகச் சொல்லிவிடும் பதில்களை இங்கே ஆற அமர எழுதியிருக்கிறேன்.

இண்டி ராக் என்றால் என்ன மாதிரி இசை?

இண்டி என்பது 'இண்டிபெண்டன்ட்' (சுயேச்சை) என்பதன் சுருக்கம். அதனால் என்ன மாதிரி இசை என்பதற்கு முன்னால், அதை யார் வெளியிட்டார்கள் என்று பாருங்கள். 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், சில மணி நேரத்தில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. செலவுக்குக் கடன் வாங்கிய பணம் 500 பவுண்டு. அப்போதெல்லாம் ரெக்கார்டு வெளியிட வேண்டுமென்றால் லண்டனில் இருக்கும் பெரிய கம்பெனி ஏதாவது கூப்பிட வேண்டும். இவர்கள் யார் கூப்பிடுவதற்கும் காத்திருக்கவில்லை. தாங்களே ஒரு லேபிளைத் தொடங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற பெயரில் 1,000 பிரதிகள் போட்டார்கள். அவை தீர்ந்துபோய், மறுபடி மறுபடி அச்சடித்து, கடைசியில் 16,000 அளவுக்கு விற்றது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), எத்தனை ஓவர்டப் (பிறகு மேலே சேர்த்த பதிவு) என்பதையும் உறையிலேயே குறித்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்த பலருக்கு, இதை நாமும் செய்யலாமே என்று தோன்றியது.

அப்புறம் அந்த ரெக்கார்டுகளை விற்க வழி வேண்டுமே? ஜெஃப் டிராவிஸ் 1976-இல் லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட் கடை, 1978-இல் லேபிளாகவும் ஆனது. நாடு முழுக்க இருந்த சிறு கடைகளுடன் சேர்ந்து விநியோகத்தையும் பார்த்துக்கொண்டது. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டிக்கென்று தனி விற்பனைப் பட்டியல் வந்தபோது, அதில் இடம் பெற ஒரே நிபந்தனை, ரெக்கார்டு பெரிய கம்பெனிகளின் விநியோகத்துக்கு வெளியே விற்க வேண்டும் என்பதுதான். எப்படி ஒலிக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் 80களின் கடைசியில் கைலி மினோக்கின் நடனப் பாட்டுகள்கூட அந்தப் பட்டியலில் மேலே வந்தன.

நான் இன்றும் இதையே பார்க்கிறேன். எந்தப் பாட்டு வெளிவரும், எப்போது வரும், உறையில் என்ன இருக்கும், மாஸ்டர் (பாட்டின் மூலப் பதிவு) யாரிடம் இருக்கும்? இதையெல்லாம் பாடுகிறவர்களே முடிவு செய்தால் அது இண்டி. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

அப்படியானால் பல இண்டி ஆல்பங்கள் ஏன் ஒன்றுபோலவே கரகரவென்று ஒலிக்கின்றன?

ஒரு கேசட்டுக்கு இதில் பங்கு உண்டு. 1986-இல் என்.எம்.இ. பத்திரிகை 22 சிறு குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து 'சி86' என்று வெளியிட்டது. அந்தக் குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி வாசித்தவை அல்ல. இருந்தாலும் கணகணக்கும் கிட்டார், கூச்சமான குரல், அவசரமான தாளம் என்று ஒரு சித்திரம் கேட்டவர்கள் மனதில் பதிந்துவிட்டது.

இன்னொரு காரணம் பணம். 1979-இல் டாஸ்காம் கம்பெனி போர்ட்டாஸ்டூடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக்குகளைத் தனித்தனியாகப் பதியலாம். வீட்டு அறையே ஸ்டூடியோ ஆகிவிடும். ஐந்தாவதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், ஏற்கெனவே பதிந்த மூன்றையும் நான்காவது டிராக்கில் ஒன்றாகக் கலந்து, காலியான இடத்தில் புதியதைப் பதிய வேண்டும். இப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் டேப்பின் இரைச்சல் கூடும், ஓசையின் கூர்மை குறையும். நீங்கள் கேட்கும் கரகரப்பில் பெரும்பகுதி இதுதான்.

ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர் ராபர்ட் பொலார்ட். அவருடைய கைடட் பை வாய்சஸ் குழு 1994-இல் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' ஆல்பத்தில் 20 பாட்டுகள் உண்டு, மொத்தமே 36 நிமிடம் சொச்சம். பல பாட்டுகள் சூடு பிடித்ததும் முடிந்துவிடும். அதைச் சுத்தமான ஸ்டூடியோவில் மறுபடி பதிவு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் அருமையான மெட்டு திடீரென்று தலை தூக்கும்போது வரும் சந்தோஷம், சுத்தமான பதிவில் கிடைக்காது.

அமெரிக்காவில் இது எப்படிப் பரவியது?

வேன்களிலும் கல்லூரி வானொலிகளிலும். குழுக்கள் தங்கள் கருவிகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்தன. பெரிய நிலையங்கள் தொடாத ரெக்கார்டுகளைக் கல்லூரி மாணவர்கள் தங்கள் நிலையங்களில் போட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரிலிருந்து வந்த ஆர்.இ.எம். குழுவை வளர்த்தது அந்த வானொலிகள்தான். அவர்களுடைய முதல் ஆல்பமான 'மர்மர்', மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகை ஆண்டுகொண்டிருந்த 1983-இல், ரோலிங் ஸ்டோன் விமர்சகர்களிடம் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று பெயர் வாங்கியது. பிறகு நிர்வாணா. சியாட்டிலின் சப் பாப் லேபிளில் 1989-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 606 டாலர். பெரிய கம்பெனியில் வந்த இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனையே முதல் இடத்திலிருந்து இறக்கியது.

பெரிய கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டால் அது துரோகமா?

இல்லை. ஆனால் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய கம்பெனி ஒப்பந்தத்தில் முதலில் ஒரு முன்பணம் வரும். கேட்க அது பெரிய தொகைதான். ஆனால் ஸ்டூடியோ வாடகையும் தயாரிப்பாளர் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். வீடியோ செலவும் சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த பணமும்கூடப் பெரும்பாலும் குழுவின் கணக்கில்தான் ஏறும். அவை எல்லாம் குழுவின் ராயல்டியிலிருந்து பிடிக்கப்பட்டு, கணக்கு நேராகும்வரை குழுவுக்கு ராயல்டி ஒரு காசுகூட வராது. ரெக்கார்டு லட்சக்கணக்கில் விற்றும் கடன் தீராத குழுக்கள் இருந்திருக்கின்றன. எல்லாம் கழிந்த பிறகும் மாஸ்டர் பெரும்பாலும் கம்பெனியிடமே இருக்கும்.

இந்தக் கணக்கை வரிவரியாக எழுதிக் காட்டியவர் இசைப் பதிவாளர் ஸ்டீவ் அல்பினி. அவருடைய 1993-ஆம் வருடக் கட்டுரையை இன்றும் இளம் குழுக்கள் தேடிப் படிக்கின்றன. எழுதியதோடு அவர் நிறுத்தவில்லை. அதே ஆண்டு நிர்வாணாவின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, மற்ற தயாரிப்பாளர்கள் வாங்கும் ராயல்டியை வேண்டாம் என்றார். செய்த வேலைக்குக் கூலி போதும், பாட்டு உங்களுடையது என்பதே அவர் நிலை. அந்த ஆல்பம் எவ்வளவு விற்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்த நேரத்தில் அவர் அப்படிச் சொன்னார். 2024-இல் அவர் இறந்தபோது நான் அவர் பதிவு செய்த பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோசா'வைத்தான் நாள் முழுக்கக் கேட்டேன். அந்த டிரம்ஸ் ஓசைக்கு இணையாக நான் வேறொன்றைக் கேட்டதில்லை.

வாஷிங்டனில் இயன் மெக்காய் 1980-இல் சேர்ந்து தொடங்கிய டிஸ்கார்ட் லேபிள் இன்னொரு உதாரணம். அவருடைய ஃபுகாசி குழு டிக்கெட் விலையை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பதிலும் பிடிவாதமாக இருந்தது.

அதே சமயம், சின்ன லேபிள் என்றாலே நல்லவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1991-இல் ரஃப் டிரேடின் விநியோகப் பிரிவு நொடித்துப் போனபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ சிறு லேபிள்களின் பணம் மாட்டிக்கொண்டது. மான்செஸ்டரின் ஃபேக்டரி லேபிள் 1992-இல் திவாலானது. ஆனால் அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஃபேக்டரி தன் குழுக்களுடன் வழக்கமான ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை, பாட்டுகள் குழுக்களுக்கே சொந்தம் என்று விட்டிருந்தது. லேபிள் கவிழ்ந்தாலும் நியூ ஆர்டர் குழுவிடம் அவர்களுடைய பாட்டுகள் இருந்தன. கணக்கு வழக்கில் கோட்டை விட்ட அந்த லேபிளை நான் இன்றும் மதிப்பது இதற்காகத்தான்.

ஆகவே ஒரு குழு பெரிய கம்பெனிக்குப் போனால் நான் கோபப்படுவதில்லை. வீட்டு வாடகை கொடுக்க வேண்டிய மனிதர்கள் அவர்கள். பாட்டு மாறியதா, மாற்றியது யார் என்று மட்டும் கேட்பேன். சோனிக் யூத் 1990-இல் பெரிய லேபிளுக்குப் போன பிறகும் தங்கள் விருப்பப்படியே வாசித்தார்கள். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

எனக்குப் பிடித்த சின்னக் குழு திடீரென்று பிரபலமானால் ஏன் மனசு வலிக்கிறது?

அந்த வலி பொய் இல்லை. ஒரு குழுவை நூறு பேர் மட்டும் கேட்கும்போது, அந்த நூறில் நீங்களும் ஒருவர். சிறிய அரங்கில் பாடகரின் மூச்சுகூடக் கேட்கும் தூரத்தில் நிற்கலாம், நிகழ்ச்சி முடிந்ததும் அவரே டி-ஷர்ட் விற்பார், நீங்கள் பேசலாம். பெரிய அரங்கில் அது முடியாது. நிஜமாகவே ஒன்றை இழக்கிறீர்கள்.

ஆனால் அந்த வருத்தத்தைப் புதிதாக வந்த ரசிகர் மேல் திருப்புவதை என்னால் ஏற்க முடியாது. உங்களை உலுக்கிய அதே பாட்டுதானே அவரையும் உலுக்கியிருக்கிறது? மூன்று வருடம் முந்திக் கேட்டதால் பாட்டு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. ஆர்கேட் ஃபயரின் 'ஃபியூனரல்' 2004-இல் வட கரோலினாவின் மெர்ஜ் என்ற லேபிளில் வந்தது. சூப்பர்சங்க் குழுவின் இருவர் 1989-இல் தொடங்கிய சின்ன லேபிள் அது. அதே மெர்ஜில் வந்த 'த சபர்ப்ஸ்' 2011-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. இவர்கள் யார் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

விளம்பரத்திலும் தொடர்களிலும் பாட்டு வந்தால் அதன் மதிப்பு குறைந்துவிடாதா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக் விஷயத்தைப் பாருங்கள். 1972-இல் வந்த அவருடைய 'பிங்க் மூன்' ஆல்பத்தை வாங்கியவர்கள் மிகக் குறைவு; 1974-இல், 26 வயதில் இறந்துபோனார். 1999-இல் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் அந்தத் தலைப்புப் பாட்டு ஒலித்தது. அதற்குப் பிறகு குறுகிய காலத்தில் விற்ற பிரதிகள், அதுவரை அத்தனை வருடங்களில் விற்றதைவிட அதிகம். விளம்பரம் எனக்கும் உவப்பானது அல்லதான். ஆனால் அந்தக் குரல் இத்தனை பேரை எட்ட வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்தால் குறை சொல்ல வாய் வரவில்லை. சம்மதம் சொல்ல அவர் இல்லையே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

2003 முதல் 2007 வரை ஓடிய 'த ஓ.சி.' தொடர், டெத் கேப் ஃபார் க்யூட்டி போன்ற குழுக்களை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது. இண்டி குழு அல்ல என்றாலும் கேட் புஷ்ஷையும் சொல்ல வேண்டும்: 1985-இல் வந்த பாட்டு, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்து 2022-இல் பிரிட்டனில் முதல் இடத்துக்கு ஏறியது. மாஸ்டர் அவர் கையிலேயே இருந்ததால் அந்த வருமானத்தின் பெரும்பங்கும் அவருக்கே போனது.

ஜாய் டிவிஷன் குழுவின் டி-ஷர்ட் போட அவர்களுடைய பாட்டு தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். யாரையும் நிறுத்தி, மூன்று பாட்டு சொல்லு பார்ப்போம் என்று கேட்காதீர்கள். அது அநாகரிகம்.

டி-ஷர்ட்டில் இருக்கும் அந்த வெள்ளைக் கோடுகள் என்ன என்று மட்டும் சொல்லுங்கள், ஆர்வம் தானாக வரும். 1967-இல் ஜோசலின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சாரின் (சீரான இடைவெளியில் துடிக்கும் விண்மீனின்) ரேடியோத் துடிப்புகள் அவை. அடுத்தடுத்த துடிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்த படம். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்த அந்தப் படத்தைக் குழுவினர் கொடுக்க, வடிவமைப்பாளர் பீட்டர் சேவில் அதைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பி, 1979-இல் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' உறையில் போட்டார். உறையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. எந்தப் பெரிய கம்பெனியின் விற்பனைப் பிரிவு அதற்கு ஒப்புக்கொண்டிருக்கும்?

வார்த்தையே புரியாத பாட்டை எப்படி ரசிப்பது?

குரலையும் ஒரு கருவியாகக் கேளுங்கள். 'மர்மர்' ஆல்பத்தில் மைக்கேல் ஸ்டைப் வேண்டுமென்றேதான் முணுமுணுக்கிறார். காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் பாடுவதில் பல இடங்களில் அகராதியில் தேடக்கூடிய சொல்லே கிடையாது; அழுகை வருவதை அது தடுப்பதில்லை. மை ப்ளடி வேலண்டைன் குழுவின் 'லவ்லெஸ்' (1991) ஆல்பத்தில் குரல், கிட்டார் ஓசைக்குச் சமமான அளவில் அமிழ்ந்து கிடக்கும். கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரின் ட்ரெமோலோ பிடியை (சுருதியை அசைக்கும் நெம்புகோலை) கையில் பிடித்தபடியே வாசிப்பதால், சுருதி மேலும் கீழும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். முதல் தடவை தலை சுற்றலாம். ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.

பிட்ச்ஃபோர்க் இசை விமர்சனத் தளத்தின் மதிப்பெண்ணை நம்பலாமா?

கட்டுரையைப் படியுங்கள், எண்ணை விடுங்கள். பத்துக்கு எத்தனை என்று தசம புள்ளியோடு சொல்வதில் ஒரு போலி நுணுக்கம் இருக்கிறது. 90களில் தொடங்கிய அந்தத் தளத்தின் ஒரு நல்ல விமர்சனம், ஒரு சின்னக் குழுவின் வாழ்க்கையையே மாற்றிய காலம் உண்டு. 2024-இல் அதை ஒரு ஆண்கள் பத்திரிகையுடன் இணைத்துவிட்டார்கள்.

புதிய குழுக்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மனிதர்கள் மூலமாக. ஜான் பீல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை பி.பி.சி. ரேடியோ 1-இல் தனக்குப் பிடித்ததைப் போட்டார். அவர் நிகழ்ச்சிக்காக 4,000க்கும் மேற்பட்ட நேரடிப் பதிவுகள் நடந்தன. அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' பிடித்துப்போய், ஒரே இரவில் அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். அல்காரிதம் அப்படி மனம் நிறைந்து எதையும் செய்யாது. நீங்கள் நேற்றுக் கேட்டதை ஒத்த ஒன்றைத் தரும், அவ்வளவுதான்.

நான் செய்வது எளிது. பிடித்த ஆல்பம் எந்த லேபிளில் வந்தது என்று பார்த்து, அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடுவேன். 4ஏடி, மேட்டடோர், மெர்ஜ், டோமினோ போன்ற லேபிள்களில் தேர்ந்தெடுக்கிறவரின் ரசனை வெளிப்படையாகத் தெரியும். பிடித்த குழுவுக்கு முன்னால் மேடையேறும் குழுவைத் தவறாமல் கேட்பேன். பாடகர்கள் பேட்டிகளில் யாரைப் புகழ்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் அவர்களுக்குக் காசு போகுமா?

போகும், மிகக் கொஞ்சமாக. பெரும்பாலான சேவைகளில் நீங்கள் கட்டும் சந்தா நேராக நீங்கள் கேட்கும் குழுவுக்குப் போவதில்லை. எல்லாருடைய பணமும் ஒன்றாகச் சேர்ந்து, மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரியும். நீங்கள் மாதம் முழுக்க ஒரே சின்னக் குழுவைக் கேட்டாலும் உங்கள் பணத்தின் பெரும்பகுதி நட்சத்திரங்களுக்கே சேரும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டியே உண்டு.

ஸ்ட்ரீமிங்கில் தேடுங்கள், பிடித்ததை வாங்குங்கள். பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சிலிருந்து, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது.

வினைல் வாங்கியே ஆக வேண்டுமா?

இல்லை. 2022-இல் அமெரிக்காவில் வினைல் எண்ணிக்கையில் சிடியை முந்தியது, 1987-க்குப் பிறகு முதல் முறையாக. பெரிய உறையைக் கையில் வைத்துப் பார்ப்பது சுகம்தான். ஆனால் சிடியும் கேசட்டும் மலிவு, அவற்றை வாங்கினாலும் குழு மகிழும்.

டெய்லர் ஸ்விஃப்ட் கேட்கிறவர் இண்டி ரசிகராக இருக்கலாமா?

தாராளமாக. 2020-இல் வந்த 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் அவரோடு உழைத்தவர்களில் த நேஷனல் குழுவின் ஆரன் டெஸ்னரும், போன் ஈவேர் என்ற பெயரில் பாடும் ஜஸ்டின் வெர்ணனும் உண்டு. அங்கிருந்து போன் ஈவேரின் முதல் ஆல்பத்துக்கு வந்து சேர்ந்த ரசிகர்கள் ஏராளம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் 2019-இல் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கைமாறியது. 2021-இலிருந்து அவற்றில் நான்கை மறுபடி பாடி வெளியிட்டார். 2025-இல் பழைய மாஸ்டர்களையே விலை கொடுத்து வாங்கிவிட்டார். உலகின் மிகப் பெரிய பாப் நட்சத்திரம் போராடியது, சின்னக் குழுக்கள் ஐம்பது வருடமாகப் பேசிவரும் அதே உரிமைக்காகத்தான்.

பிரிந்த குழு மறுபடி சேர்ந்தால் பார்க்கப் போகலாமா, பழைய நினைவைக் காப்பாற்றிக்கொள்ளலாமா?

போங்கள். ஸ்லோடைவ் குழுவை 90களின் பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. 1995-இல் மூன்றாவது ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் லேபிளும் கைவிட்டது. 2014-இல் மறுபடி சேர்ந்தார்கள், 2017-இல் புது ஆல்பம். 2023-இல் வந்த அடுத்த ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் போனது, அவர்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாக. அவர்கள் பாட்டைக் கேட்டு ரசிக்கிறவர்களில் பலர் அந்த முதல் ஆல்பங்கள் வந்தபோது பிறக்கவே இல்லை.

கச்சேரியில் காது அடைப்பான் போட்டால் இசை கெட்டுவிடாதா?

கெடாது. இசைக்கென்றே விற்கும் அடைப்பான்கள் எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். பாட்டு மங்காது, சத்தம் மட்டும் இறங்கும். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான், ராக் கச்சேரி ஒன்றில் அதைத் தாண்டுவது சாதாரணம். மை ப்ளடி வேலண்டைன் நிகழ்ச்சிகளில் வாசலிலேயே இலவசமாக அடைப்பான் கொடுப்பார்கள். வாங்கி, முதல் பாட்டு தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.